அப்பாக்கள் ஏன் எப்போது பார்த்தாலும் சிடுசிடுவென்று இருக்கிறார்கள்?

கேட்கப்பட்ட கேள்வி இது: "எனக்கு 22 வயது. என் அப்பா என்னிடம் சிரித்துப் பேசி நான் பார்த்ததில்லை. எதைச் சொன்னாலும் கோபம்தான். எல்லா வீட்டிலும் இப்படித்தானா, எங்கள் வீட்டில் மட்டுமா?"

எல்லா வீட்டுக் கதையும் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது இரண்டு அப்பாக்கள். ஒருவர் என்னைப் பெற்றவர், இன்னொருவர் நான். இரண்டு பேருமே சிடுமூஞ்சிதான். அதனால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

எங்களுக்குப் பாம்பன். பாலத்தைப் பார்க்க வருகிற எல்லோருக்கும் தெரிந்த ஊர், இறங்கிப் பார்த்தவர்கள் குறைவு. அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு வத்தை, அதாவது சின்ன நாட்டுப்படகு இருந்தது. நான் அதில் போனேன், பிறகு பல வருடம் விசைப்படகில் கூலியாகப் போனேன், இடையில் ஆறு வருடம் சவூதியில் மீன்பிடிப் படகு, இப்போது முட்டி போய்விட்டதால் கரையில் உட்கார்ந்து வலை கட்டுகிறேன். கைதான் வேலை செய்யும், மனசு சும்மா இருக்கும். இதையெல்லாம் யோசிக்க நிறைய நேரம் கிடைக்கிறது.

1982 மார்கழி. எனக்கு 11 வயது. நாங்கள் நான்கு பையன்கள், ஒருவனுடைய மாமா வத்தையை யாரிடமும் சொல்லாமல் எடுத்துக்கொண்டு குருசடைத் தீவுக்குப் போனோம். போகும்போது காற்று பின்னாலிருந்து தள்ளியது, சுகமாகப் போய்ச் சேர்ந்தோம், நண்டு பிடித்தோம், சிப்பி பொறுக்கினோம். திரும்பும்போதுதான் வாடைக்காற்று எதிரே நிற்கிறது என்பது தெரிந்தது. துடுப்புப் போட்டுப் போட்டுத் தோள் கழன்றுவிட்டது. கரைக்கு வரும்போது நன்றாக இருட்டிவிட்டது. அப்பா தண்ணீரில் இடுப்பளவுக்கு இறங்கி நின்றுகொண்டிருந்தார். கையில் அரிக்கேன் விளக்கு. என்னைப் பார்த்ததும் அடித்தார் பாருங்கள், அந்த அடியை இன்றைக்கும் மறக்க முடியாது. வலித்தது என்பதற்காக இல்லை. வலது கையில் இருந்த விளக்கை அவர் கீழே வைக்கவேயில்லை. அதை உயர்த்திப் பிடித்துக்கொண்டே இடது கையால் அடித்தார். பழக்கமில்லாத கை, அடி ஒழுங்காக விழவில்லை, பாதி காதில், பாதி தோளில். விளக்கு மட்டும் என் முகத்துக்கு நேராக அசையாமல் நின்றது.

இதற்கு என்ன அர்த்தம் என்று அப்போது புரியவில்லை. "மனுஷனா இவர்" என்றுதான் தோன்றியது. இரண்டு நாள் பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகக்கூடத் தெரியவில்லை. அம்மாவிடம் மட்டும் "அவன் சாப்பிட்டானா" என்று கேட்டது காதில் விழுந்தது. (நம் ஊர் அப்பாக்கள் எல்லோரும் இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் பிள்ளை வளர்த்திருக்கிறார்கள், அதுவும் அம்மா மூலமாக.)

எங்கள் வீட்டில் எழுதப்படாத ஒரு சட்டம் உண்டு: மார்கழியில் அப்பா பக்கத்தில் போகாதே. வாடை இறங்கியதும் அவர் ஆள் மாறிவிடுவார். தட்டு விழுந்தால் கத்துவார், கதவு அடித்தால் கத்துவார், நாய் குரைத்தால் நாயைப் பார்த்துக் கத்துவார். ஏன் என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. அவர் இறந்த பிறகுதான், கருமாதிக்கு வந்த சின்னத்தை, ஏதோ அரிசி விலை சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னார். 1964 டிசம்பர் 22ஆம் தேதி ராத்திரி அடித்த புயலில் தனுஷ்கோடி போனது எல்லோருக்கும் தெரியும், பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயில் நூறு பேருக்கும் மேல் ஏற்றிக்கொண்டு கடலுக்குள் போனதும் தெரியும். அந்தத் தனுஷ்கோடியில்தான் அப்பாவின் அக்கா குடும்பம் இருந்தது. அத்தை, மாமா, இரண்டு பிள்ளைகள். அப்பாவுக்கு அப்போது 19 வயது. தண்ணீர் வடிவதற்கு முன்பே மணலில் நடந்து தேடப் போனாராம், மூன்று நாள் கழித்துத் திரும்பி வந்தாராம், வந்து கஞ்சி குடித்துவிட்டுப் படுத்தாராம். அங்கே என்ன பார்த்தார் என்று சாகும்வரை யாரிடமும் சொல்லவில்லை.

அந்தப் புயலில் சேதமான பாம்பன் ரயில் பாலத்தை 46 நாளில் சரிசெய்து ரயில் விட்டார்கள். அந்த வேலையைப் பார்த்த இன்ஜினியர் ஸ்ரீதரனை (பிற்பாடு டெல்லி மெட்ரோ போட்டாரே, அவர்தான்) எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்றும் மரியாதையாகச் சொல்வார்கள். ஆட்களைச் சரிசெய்ய அப்போது யாரும் வரவில்லை. அப்படி ஒரு வைத்தியம் இருக்கிறது என்றே தெரியாத காலம். அதனால் என் அப்பா ஒவ்வொரு மார்கழியும் கத்திக்கொண்டே இருந்தார், நாங்கள் அவருக்குக் கோபக்காரர் என்று பெயர் வைத்தோம்.

சரி, புயல் எல்லா வீட்டிலும் வராது. கடன் வரும். எங்கள் பக்கம் வலையோ இன்ஜினோ வாங்க வேண்டுமென்றால் வியாபாரியிடம் அட்வான்ஸ் வாங்குவோம். வாங்கிவிட்டால் பிடிக்கிற மீன் அவருக்குத்தான், அவர் போடுகிற விலைதான், அது வெளி விலையைவிடக் குறைவாகத்தான் இருக்கும். கடன் அடையாது. அடைந்துவிட்டால் மீன் வேறு ஆளிடம் போய்விடுமே, அதனால் அடையவும் விடமாட்டார்கள். தராசுக்கு முன்னால் அப்பா நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். தோளில் கிடந்த துண்டு கைக்கு வந்துவிடும், முகத்தில் ஒரு சிரிப்பு இருக்கும், எங்களிடம் ஒருநாளும் காட்டாத சிரிப்பு. வெளியே பல்லைக் காட்டிவிட்டு வருகிறவர் வீட்டுக்குள் வந்து பல்லைக் கடிப்பார். உங்கள் அப்பாவுக்கு வியாபாரி இல்லாமல் இருக்கலாம், மேனேஜரோ, பங்காளியோ, வங்கியோ இருப்பார்கள். ஒருநாள் அவர் அங்கே எப்படிப் பேசுகிறார் என்று மறைந்து நின்று பாருங்கள்.

ஆனால் இதைச் சொல்லும்போதே எனக்கு ஒன்று உறுத்துகிறது. அதே கடன்தானே அம்மாவுக்கும்? அதே கடல்தானே? அம்மா கடல்பாசி எடுக்கப் போவார். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் பெண்கள் சேர்ந்து தீவுப் பக்கம் போய், விரலுக்கெல்லாம் துணி சுற்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்து முங்கி, பாறையில் ஒட்டியிருப்பதைப் பிய்த்து இடுப்புப் பையில் போட வேண்டும். வீட்டுக்கு வரும்போது துணியையும் மீறி விரல் கிழிந்திருக்கும், உப்புத் தண்ணீர் பட்டு வெள்ளையாக ஊறிப்போயிருக்கும், அந்தக் கையால்தான் மிளகாய் அரைப்பார். அவரும் கத்தினார், கத்தாமல் என்ன. ஆனால் அப்பா கத்தினால் ஊரில் அதற்குப் பெயர் கோபம். அம்மா கத்தினால் "அவளுக்கு வாய் ஜாஸ்தி". ஆகவே அப்பாக்களுக்கு ஆயிரம் காரணம் இருக்கிறது என்று நான் சொன்னாலும், கோபப்படுகிற வசதி ஒருவருக்கு மட்டும் இருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் நான் அப்பா ஆனேன். மூத்தது பெண், இளையவன் பையன். பையனைக் கடலுக்கு அனுப்பக்கூடாது என்று அவன் பிறந்தபோதே முடிவு. காரணம் புயல்கூட இல்லை. படகு போன நாளெல்லாம், இலங்கை நேவி பிடித்துவிட்டார்களாமே, படகோடு இழுத்துக்கொண்டு போய்விட்டார்களாமே என்று கரையில் ஒரு செய்தி வரும், எந்தப் படகு, யார் யார் என்று தெரியும்வரை பெண்கள் படகுத்துறையில் நிற்பார்கள். என் மனைவி அப்படி நின்றதை நினைத்தாலே போதும். பையன் டிப்ளமோ படித்தான், சென்னையில் வேலை, பள்ளிக்கரணையில் நண்பர்களோடு ரூம்.

இங்கேதான் என் வண்டவாளம். நானும் அப்பா மாதிரியேதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் வரும், முன்பு 45 நாளாக இருந்தது, 2017லிருந்து 61 நாள். கையில் காசு இருக்காது, நான் வீட்டில் இருப்பேன். பிள்ளைகள் காலண்டரைப் பார்த்து நாள் எண்ணுவதை ஒருநாள் கவனித்தேன். பள்ளி திறப்பதற்காக எண்ணுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். இல்லையாம், நான் எப்போது கடலுக்குப் போவேன் என்று எண்ணினார்களாம். மகளே சொன்னாள், சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

அவள் மதுரையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறேன் என்றபோது நான் போட்ட சத்தம் தெருவே கேட்டது. பாதுகாப்பு, காலம் கெட்டுக்கிடக்கு, செலவு என்று என்னென்னவோ சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பிய கடலுக்கு அனுப்ப மாட்டேன்னீங்க, சரி, அது உசிருக்குப் பயந்து. என்னைய அனுப்ப மாட்டேங்கிறது டீக்கடை பெஞ்சுக்குப் பயந்துதானேப்பா?" என்றாள். எனக்கு வாயடைத்துப்போனது. உண்மைதான். அங்கே நான்கு பேர் என்ன பேசுவார்கள் என்பதுதான் என் கவலை. அவளுக்காகப் பயப்படவில்லை, எனக்காகப் பயந்தேன், அதற்கு அவள் பெயரைப் போட்டேன். இந்த ரகக் கோபத்துக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். அவள் போனாள், படித்தாள், இப்போது வேலையில் இருக்கிறாள். பெஞ்சு அங்கேயேதான் கிடக்கிறது.

பையன் விஷயம் 2023 டிசம்பர். மிக்ஜாம் புயல். வாழ்நாளெல்லாம் கடலோரத்தில் இருந்த நான் இங்கே காய்ந்த தரையில் உட்கார்ந்திருக்கிறேன், கடலே வேண்டாம் என்று அனுப்பிய பையன் அங்கே தண்ணீருக்குள். டிவியில் வேளச்சேரியையும் பள்ளிக்கரணையையும் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள், படகு விட்டு ஆளை ஏற்றுகிறார்கள். போன் போகவில்லை. ஒரு ராத்திரி, ஒரு பகல், இன்னொரு ராத்திரி. நான் வாசலில் உட்கார்ந்து வலை ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கண்ணிகூடப் போடாமல் இருந்தேன். மூன்றாம் நாள் காலையில் அவனே எவனுடைய போனிலிருந்தோ கூப்பிட்டான். "அப்பா" என்றான். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"அந்தப் போனை எதுக்குடா வச்சிருக்கே? தூக்கிக் கடல்ல போடு!"

அவன், "இங்க முழங்காலுக்குத் தண்ணி, கரண்டு இல்ல, நீங்க வேற ஏம்ப்பா கத்துறீங்க" என்று வைத்துவிட்டான். என் மனைவி பக்கத்திலேயே நின்றாள். "பயந்துட்டேன்னு சொன்னா என்னவாம்?" என்றாள். என்னவாமா? அந்த வார்த்தை என் வாயில் வராது. எங்கள் அப்பா வாயிலும் வந்ததில்லை. படகில் ஒருவன் பயமாயிருக்கு என்று சொன்னால் மற்றவனுக்குக் கை ஓடாது, அதனால் சொல்லக்கூடாது என்றுதான் பழக்கியிருக்கிறார்கள், கத்தலாம், திட்டலாம், அது மட்டும் கூடாது. அன்றைக்குத்தான் அந்த அரிக்கேன் விளக்கு ஞாபகத்துக்கு வந்தது. விளக்கை ஏன் கீழே வைக்கவில்லை என்பதற்கு எனக்கு 52 வயதில் பதில் கிடைத்தது. முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஒரு வாரம் கழித்து நானே கூப்பிட்டேன். மனைவி சொல்லிக்கொடுத்த வார்த்தையை மனப்பாடம் செய்துகொண்டு, "அன்னைக்குக் கொஞ்சம் பயந்துட்டேன்டா" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம், "சரிப்பா... அங்க காத்து எப்படி இருக்கு?" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கேட்டவருக்கு இரண்டு விஷயம். குடித்துவிட்டு வந்து அடிக்கிற அப்பா, வீட்டில் உள்ளவர்களை நடுங்க வைத்து அதில் சுகம் காண்கிற அப்பா, இவர்களுக்கு நான் சொன்ன எதுவும் பொருந்தாது. அங்கே காரணம் தேடிக்கொண்டு உட்காராதீர்கள், வெளியே வரும் வழியைப் பாருங்கள். மற்றபடி சாதாரணச் சிடுமூஞ்சி அப்பா என்றால், "உங்களிடம் பேச வேண்டும்" என்று எதிரே உட்காராதீர்கள், ஓடிவிடுவார். கையில் வேலை இருக்கும்போது பக்கத்தில் போய் உட்காருங்கள். பைக் துடைக்கிறாரா, மோட்டார் பிரிக்கிறாரா, ஸ்பேனரை எடுத்துக்கொடுங்கள். என் அப்பா என்னிடம் சொன்ன நல்ல வார்த்தை எல்லாம் வலையின் இந்தப் பக்கம் அவரும் அந்தப் பக்கம் நானும் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தபோது சொன்னவைதான். என் மகளும் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வரும்போதுதான் எல்லாவற்றையும் சொல்வாள், முகம் தெரியாதே.

கடைசியாக ஒன்று. 2024 நவம்பர் 20, எங்கள் பக்கம் மேகவெடிப்பு, ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை, பாம்பனில் எங்கள் தெரு முழுக்கத் தண்ணீர். நான் வலைகளை எடுத்து மேட்டில் போடலாம் என்று போயிருந்தேன், போன் வீட்டில். திரும்பி வந்து பார்த்தால் பையனிடமிருந்து பதினேழு மிஸ்டு கால். எடுத்துப் பேசினேன்.

"எங்கப்பா போய்த் தொலைஞ்சீங்க? இந்த மழையில வலையா முக்கியம்? போனை எடுத்துட்டுப் போனா என்ன? சொன்னா கேக்குறதே கிடையாது!"

அடுப்படியிலிருந்து மனைவி, யார் அது என்று கேட்டாள்.

"உன் மகன்தான்," என்றேன். "கத்துறான்."