மேட்டூர் அனல்மின் அலகை எரிவாயுவுக்கு மாற்றலாமா?

மேட்டூரில் இருக்கும் 210 மெகாவாட் அலகுகளில் நிலக்கரிக்குப் பதில் எரிவாயுவை விட்டால் போதாதா என்பது கேள்வி. பர்னரை மாற்றினால் எரியத்தான் செய்யும். ஆனால் கணக்கு உதைக்கும்.

இந்த வகை அலகு ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 2,450 கிலோகலோரி வெப்பம் கேட்கும். வாயுவின் வெப்பமதிப்பு கனமீட்டருக்கு 9,000 கிலோகலோரி என்று வைத்தால், முழுச் சுமையில் ஓர் அலகுக்கே நாளுக்கு ஏறக்குறைய 14 லட்சம் கனமீட்டர் வேண்டும். கூட்டுச் சுழற்சி நிலையமாக இருந்தால் 9 லட்சம் போதும். அங்கே வாயு டர்பைன் சுழன்ற பிறகு, அதன் சூடான புகையே நீராவியும் தயாரித்துக் கொடுத்துவிடும். விலை கூடிய எரிபொருளைப் பழைய பாய்லரில் கொட்டுவது வீண் என்பேன்.

பாய்லருக்குள்ளும் சிக்கல் உண்டு. நிலக்கரிச் சுடர் மஞ்சளாகப் பளீரென்று எரியும்; அதில் மிதக்கும் துகள்கள் வெப்பத்தை நேராகச் சுவர்க்குழாய்கள்மேல் வீசும். வாயுச் சுடர் நீலம், வீச்சு குறைவு. மிச்ச வெப்பம் மேலேறி, நீராவியை மேலும் சூடாக்கும் குழாய்த்தொகுதியான சூப்பர்ஹீட்டரைத் தாக்கும். நீராவி 540 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல் தண்ணீர் தெளித்துத் தணிக்க வேண்டும்; தெளிப்பு போதாவிட்டால் குழாய் உப்பி வெடிக்கும். குழாய்ப் பரப்பைக் குறைக்க வேண்டும், அல்லது உலோகத்தை மாற்ற வேண்டும்.

எரிவாயு லைனில் இரண்டு அடைப்பு வால்வு, நடுவில் வெளியேற்றும் வால்வு ஒன்று கட்டாயம். இல்லையென்றால் கசிந்த வாயு உலைக்குள் தேங்கிவிடும், பற்றவைக்கும்போது ஆபத்து.

எரிவாயுவுக்கு மாறினால் நிலக்கரி அரைக்கும் மில்லுக்கும் சாம்பல் குட்டைக்கும் வேலை இருக்காது. காவிரித் தண்ணீர் ஏற்பாடும் மின்தடமும் அப்படியே உதவும். ஆகவே அதே இடத்தில் புது வாயு டர்பைன் வைப்பதே மேல், குழாய்வழி வாயு உறுதியான பிறகு.