தம்பியை ஏன் எடுத்தீர் என்று ஆண்டவரிடம் கேட்கலாமா?

கேள்வி: ஐயா, எங்களுக்கு ஆலங்குளம் பக்கம். சி.எஸ்.ஐ. சபை. போன ஜூனில் என் தம்பி தென்காசி ரோட்டில் பைக்கில் அடிபட்டு, சில நாள் ஆஸ்பத்திரியில் இருந்து இறந்துபோனான். அத்தனை நாளும் உபவாசமிருந்து ஜெபித்தேன். அந்தப் புதுவருஷ ஆராதனையில் அந்த வருஷத்துக்கென்று எனக்கு வந்த வாக்குத்தத்த வசன அட்டை, "பொல்லாப்பு உனக்கு நேரிடாது, வாதை உன் கூடாரத்தை அணுகாது." அது இன்னும் என் வேதபுத்தகத்துக்குள் இருக்கிறது. ஏன் இப்படி என்று கேட்டால் பெரியம்மை, "தேவனோடு எதிர்த்துத் தர்க்கிக்கிற நீ யார்னு வசனம் இருக்கு, அப்படிக் கேக்கப்படாது" என்கிறார்கள். குடும்பத்தில் அறிக்கையிடாத பாவம் ஏதாவது இருக்கும் என்றார் இன்னொருவர். பீடி சுற்றிக்கொண்டே பக்கத்து வீட்டு மயினியிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுகிறேன். முழங்கால் போட்டால் வார்த்தை வரவில்லை. மகளை நர்சிங் படிக்கப் பெங்களூருக்கு அனுப்பலாமா என்று கேட்க வேண்டும், அதையும் கேட்கப் பயமாக இருக்கிறது. எட்டாவது படிக்கிற மகன் வேறு, மாமாவை ஆண்டவர் ஏன் காப்பாற்றவில்லை என்கிறான். கேள்வி கேட்பது பாவமா? கேட்கலாம் என்றால் எப்படிக் கேட்பது?

பதில்: பாவம் இல்லை அம்மா. கேளுங்கள். நீங்கள் கேட்க நினைக்கிறதை உங்களுக்கு முன்னால் இரண்டு பெண்கள் இயேசுவின் முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறார்கள். அவர்களும் சகோதரனைப் பறிகொடுத்தவர்கள்தான்.

யோவான் 11-ஆம் அதிகாரத்தை எடுங்கள். அடக்க ஆராதனையில் அதிலிருந்து "நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன்" என்பதை வாசிக்கிறோம். அதற்கு நாலு வசனம் முன்னால் மார்த்தாள் சொன்னதை யாரும் நிறுத்தி வாசிப்பதில்லை: "ஆண்டவரே, நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்." அதில் கேள்விக்குறி இல்லைதான். ஆனால் சாவு வீட்டில் உட்கார்ந்து எழுந்தவர்களுக்கு அது என்ன கேள்வி என்று தெரியும். ஆள் அனுப்பினோமே, ஏன் வரவில்லை? அவர் தாமதித்ததும் உண்மை. அவர்கள் சகோதரன் லாசரு வியாதியாய் இருக்கிறான் என்று கேள்விப்பட்ட பிறகும் இரண்டு நாள் இருந்த இடத்திலேயே இருந்தார் என்று ஆறாம் வசனம் ஒளிக்காமல் சொல்கிறது. கொஞ்ச நேரத்தில் மரியாள் வருகிறாள், காலில் விழுகிறாள், அதே வாக்கியத்தையே சொல்கிறாள். நாலு நாளாக அந்த வீட்டுக்குள் அக்காளும் தங்கையும் இதையேதான் பேசிக்கொண்டிருந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

இயேசு இரண்டு பேரையும் அதட்டவில்லை. மார்த்தாளிடம் பேசினார். மரியாளுக்குப் போதனை ஒன்றும் சொல்லவில்லை, அழுதார். லாசருவை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தும் அழுதார். உங்கள் தம்பி எழுந்து வரவில்லை. அதை நான் மழுப்பப்போவதில்லை. ஆனால் அந்தக் கண்ணீர் அற்புதத்துக்கு முந்தி வந்தது. அற்புதம் நடக்காத வீடுகளுக்கும் அதில் பங்கு உண்டு என்று முழு மனதோடு நம்புகிறேன்.

பெரியம்மை சொன்னது ரோமர் 9:20. வசனம் சரி, எடுத்துச் சொன்ன இடம்தான் சரியில்லை. எல்லாம் தேவ சித்தம் என்றால் அவர் என்னை எப்படிக் குற்றம் பிடிக்கலாம் என்று நழுவப் பார்க்கிறவனுக்குப் பவுல் கொடுத்த பதில் அது. தம்பியை அடக்கம் பண்ணிவிட்டு வந்த அக்காளுக்குச் சொன்னது அல்ல. அந்த அதிகாரத்தைப் பவுல் தொடங்கும்போதே, தனக்கு மிகுந்த துக்கமும் இடைவிடாத மனவேதனையும் இருக்கிறது என்றுதான் தொடங்குகிறார். இதற்காகப் பெரியம்மையோடு சண்டைக்குப் போக வேண்டாம். உங்கள்மேல் உள்ள பாசத்தில், உங்களுக்கு மேலும் ஏதாவது வந்துவிடக்கூடாதே என்ற பயத்தில் சொல்கிறார்கள். ஆனால் அவர்களும் நீங்களும் வருஷாவருஷம் பெரிய வெள்ளியன்று மும்மணி ஆராதனையில் உட்கார்ந்து, இயேசு சிலுவையில் சொன்ன நாலாவது வார்த்தையாக எதைக் கேட்கிறீர்கள்? "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" 22-ஆம் சங்கீதத்தின் முதல் வரி அது. பாவமே அறியாதவர் வாயிலிருந்து ஏன் என்ற சொல் வந்திருக்கும்போது, அதைக் கேட்பதே பாவம் என்று எப்படிச் சொல்ல முடியும்?

அப்படியானால் முறுமுறுப்பு தப்பு என்று வேதத்தில் இருக்கிறதே என்பீர்கள். எண்ணாகமம் 11-ஐ நிதானமாகப் படியுங்கள். வனாந்தரத்தில் இஸ்ரவேல் ஜனங்கள் கூடாரவாசலில் நின்று தங்களுக்குள் அழுது புலம்புகிறார்கள். அதே அதிகாரத்தில் மோசேயும் புலம்புகிறார், அதுவும் ஜனங்களைவிடக் காரமாக. இந்தப் பாரத்தை என்னால் தாங்க முடியாது, என்னைக் கொன்றுபோடும் என்கிறார். ஆனால் அதை ஆண்டவரிடமே சொல்கிறார். ஜனங்களுக்குத் தண்டனை வந்தது. மோசேக்கு, பாரத்தைப் பகிர்ந்துகொள்ள எழுபது மூப்பர்கள் கிடைத்தார்கள். மயினியிடம் அழுவதை நிறுத்தச் சொல்லவில்லை, அந்தத் துணை உங்களுக்கு வேண்டும். பீடி சுற்றும்போது ஆண்டவரைப் பற்றி அவர்களிடம் என்ன சொன்னீர்களோ, அதில் ஒரு சொல்லையும் மாற்றாமல் அன்று ராத்திரி அவரிடமே சொல்லுங்கள் என்கிறேன்.

முழங்கால் போட்டால் வார்த்தை வராததற்கு எனக்குத் தெரிந்து ஒரு காரணம், நாம் ஜெபிக்கிற நடை. சபையில் கேட்டுக் கேட்டு, "கிருபையும் இரக்கமும் நிறைந்த எங்கள் பரம பிதாவே, கடந்த நாளெல்லாம் கண்ணின் மணிபோல் காத்து வந்தீரே, உமக்கு ஸ்தோத்திரம்" என்றுதான் நமக்கு ஆரம்பிக்கத் தெரியும். அந்த இரண்டாவது வரிக்கு வரும்போதே உங்களுக்குத் தொண்டை அடைத்துக்கொள்கிறது, இல்லையா? தம்பியைக் காக்கவில்லையே என்று மனசு சொல்லும்போது வாய் வேறொன்றைச் சொல்லாது. கொஞ்ச நாளைக்கு அந்த நடையை விட்டுவிடுங்கள். வீட்டில் பேசுகிற மாதிரியே பேசுங்கள். "ஏன் ஆண்டவரே அவன விட்டீரு? நான் சாப்பிடாம கெடந்தது ஒமக்குத் தெரியாதா?" இவ்வளவுதான் ஜெபம். அப்பாவிடம் கோபித்துக்கொண்ட மகள் அப்பாவிடம்தானே வந்து சத்தம் போடுவாள்?

எல்லோரும் தூங்கின பிறகு ஒரு பத்து நிமிஷம் போதும். முழங்காலில் நிற்க முடியாவிட்டால் சுவரில் சாய்ந்து உட்காருங்கள். பழைய நோட்டு ஒன்று எடுத்து, தேதி போட்டு, ஒரே ஒரு கேள்வி எழுதுங்கள். எல்லாவற்றையும் ஒரே ராத்திரியில் கொட்ட வேண்டாம். கொட்டினால் மறுநாள் உட்காரவே பயமாக இருக்கும். எழுதினதை வாய்விட்டு அவரிடம் வாசியுங்கள். பிறகு 13-ஆம் சங்கீதம், ஆறே வசனம். முதல் இரண்டு வசனத்திலேயே "எதுவரைக்கும்" என்று நாலு தடவை தாவீது கேட்கிறார். அந்தச் சங்கீதம் கடைசியில் பாட்டாக மாறிவிடும். அதைச் சொல்ல உங்களுக்கு வாய் வராவிட்டால் 88-ஐ எடுங்கள். அது ஆறுதல் வரி ஒன்றும் இல்லாமலே முடிகிறது, அதுவும் வேதபுத்தகத்தில்தான் இருக்கிறது. ஆமென் என்று சொல்லவும் மனசு வரவில்லையா? "நாளைக்கு வாரேன்" என்று சொல்லிவிட்டு எழுந்திருங்கள்.

இப்போது அந்த அட்டை. அதைக் கிழிக்கவும் வேண்டாம், பக்கங்களுக்குள் மறைக்கவும் வேண்டாம். அசீரிய ராஜாவிடமிருந்து மிரட்டல் கடிதம் வந்தபோது எசேக்கியா ராஜா அதை ஆலயத்துக்குக் கொண்டுபோய்க் கர்த்தருக்கு முன்பாக விரித்து வைத்தான். நீங்களும் அட்டையை எடுத்து முன்னால் வையுங்கள். "இதை எனக்குத் தந்தீரு, ஜூன்ல அவன் போயிட்டான். இது என்ன ஆண்டவரே?" என்று கேளுங்கள். அப்புறம் ஒன்றைக் கவனியுங்கள். அட்டையில் இருப்பது சங்கீதம் 91:10. அதற்கு அடுத்த இரண்டு வசனங்களைத்தான் பிசாசு தேவாலயத்து உச்சியில் வைத்து இயேசுவிடம் எடுத்துச் சொன்னான், உனக்கு ஒன்றும் ஆகாது, குதி என்று. இயேசு அந்தச் சங்கீதத்தைப் பொய் என்று சொல்லவில்லை. அதை அடிபடாமல் இருப்பதற்கு உத்தரவாதமாக எடுத்துக்கொள்ளவும் இல்லை. அட்டை கொடுக்கிற வழக்கத்தின்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் தட்டில் கைவிட்டு எடுத்த ஒரு வரியை அந்த வருஷத்துப் பலன்போல வாசிக்கச் சொல்லிக்கொடுத்தது சபைகளின் தவறு. அந்தத் தவறின் பாரத்தை நீங்கள் சுமக்க வேண்டாம்.

பாவம் இருக்கும் என்று சொன்னவருடைய பேச்சை இன்றோடு தள்ளிவிடுங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தாமிரபரணி ஏறி, ஏரலும் ஸ்ரீவைகுண்டமும் தண்ணீருக்குள் நின்றபோதும் இப்படிப் பேசினவர்கள் உண்டு. சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேர் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று கேட்டு, இல்லை என்று இயேசுவே பதிலும் சொல்லிவிட்டார். பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து உட்கார்ந்திருந்த யோபுவிடம் அவன் சிநேகிதர்கள் நாள்கணக்கில் இதே பாவக் கணக்கைத்தான் போட்டார்கள். கடைசியில் ஆண்டவர் அவர்களைப் பார்த்து, என் தாசனாகிய யோபு பேசினதுபோல் நீங்கள் நிதானமாய்ப் பேசவில்லை என்றார். அவ்வளவு கேள்வி கேட்ட யோபுவைத்தான் நிதானமாய்ப் பேசினவன் என்கிறார்.

பதில் எப்படி வரும் என்று அடுத்து கேட்பீர்கள். ஏன் என்ற கேள்விக்குக் காரணமே பதிலாக வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். யோபுவுக்குக் கடைசிவரை காரணம் சொல்லப்படவில்லை. அவனிடம் ஆண்டவர் வந்து பேசினார். டோனாவூரில் மிஷனரியாக இருந்த ஏமி கார்மைக்கேல் அம்மாவைப் பற்றி ஞாயிறு பள்ளியில் சொல்லித்தருவார்கள். சின்ன வயதில் நீலக் கண் கேட்டு ஜெபித்தார், கிடைக்கவில்லை, பிறகு நம் ஊரில் மாறுவேடத்தில் போகப் பழுப்புக் கண்தான் உதவியது என்று. நல்ல கதைதான். ஆனால் அதோடு நிறுத்தினால், எல்லா மறுப்புக்கும் பின்னால் காரணம் தெரிந்துவிடும் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். அதே அம்மா 1931-இல் குழியில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். 1951-இல் கண் மூடும்வரை பெரும்பாலும் அறைக்குள்ளேயே இருந்தார். எதற்காக அந்த இருபது வருஷம் என்பதற்கு, நீலக் கண் கதையைப்போல ஒரு விடை கிடையாது. அவர் ஜெபிப்பதையும் விடவில்லை, எழுதுவதையும் விடவில்லை.

மகள் படிப்பு வேறு மாதிரிக் கேள்வி. என்ன செய்ய என்று கேட்பதற்கு யாக்கோபு 1:5-இல் நேரடியான வாக்கு இருக்கிறது: ஞானத்தில் குறைவுள்ளவன் கேட்கலாம், தேவன் கடிந்துகொள்ள மாட்டார். கிடைக்கும் என்று அங்கே சொல்லியிருப்பது ஞானம். அதனால் சீட்டுக் குலுக்கிப் போடுவது, கண்ணை மூடி வேதபுத்தகத்தைத் திறந்து விரல் வைப்பது, போனில் தீர்க்கதரிசனம் சொல்கிறவரைக் கேட்பது எல்லாம் வேண்டாம். ஜெபித்துவிட்டு விசாரியுங்கள். அந்தக் கல்லூரிக்கு முறையான அங்கீகாரம் இருக்கிறதா? பி.எஸ்சி. என்றால் நாலு வருஷம், ஜி.என்.எம். டிப்ளமோ என்றால் மூன்று, அத்தனை வருஷத்துக்கும் ஃபீஸ், ஹாஸ்டல் சேர்த்து எவ்வளவு? ஏஜென்ட் வாங்கும் பணத்துக்கு ரசீது உண்டா? அங்கே ஏற்கெனவே படிக்கிற நம் பக்கத்துப் பிள்ளை ஒருத்தியிடம் மகளையே பேசவிடுங்கள். இன்னொன்றையும் உங்களையே கேளுங்கள். அனுப்பத் தயங்குவது பெங்களூரை நினைத்தா, தம்பியைப்போல இவளும் ரோட்டில் போய்விடுவாளோ என்ற பயத்தினாலா? இரண்டாவது என்றால் அந்தப் பயத்தையும் நோட்டில் எழுதுங்கள்.

தூக்கம் இல்லாமல், சாப்பாடு இறங்காமல், நானும் போயிருக்கலாமே என்று தோன்றினால், அதை ஜெபத்தோடு மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. எலியா தீர்க்கதரிசி சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்தபோது, ஆண்டவர் முதலில் தூங்கவிட்டு, அடையும் தண்ணீரும் கொடுத்தார். பேச்சு அதற்கு அப்புறம்தான்.

மகனிடம், "ஆண்டவர் நல்லவங்கள சீக்கிரம் கூப்பிட்டுக்கிடுவாரு" என்று சொல்லிவிடாதீர்கள். அவன் நல்ல பிள்ளையாக இருக்கவே பயப்படுவான். "எனக்கும் தெரியல மக்கா, நானும் அதத்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்று சொல்லுங்கள். குடும்ப ஜெபத்தில் அவன் முறை வரும்போது, மாமாவைப் பற்றி அவன் என்ன கேட்க நினைக்கிறானோ அதைக் கேட்கவிடுங்கள். இடையில் திருத்தாதீர்கள். பெரியம்மை கூட இருந்தால், முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லி வைத்துவிடுங்கள்.