2 கெல்வினில் கேட்டை மாற்றியும் மின்தடை அசையவில்லையா?

2 கெல்வினில் கேட்டின் (பொருளுக்குள் எலக்ட்ரான்களை ஈர்க்க மின்னழுத்தம் தரும் மின்முனை) மின்னழுத்தத்தை மாற்றினால் மின்தடை அசையாது. மாலிப்டினம் டைசல்பைடு செதிலைக் குளிரவைத்த பிறகு கேட்டில் 5 வோல்ட் ஏற்றியதாகச் சொல்கிறீர்கள். கேட்டுக்கும் செதிலுக்கும் இடையே நீங்கள் விட்டிருக்கும் டெமி-டிஎஃப்எஸ்ஐ அயனித் திரவம் (அயனிகளாலேயே ஆன உப்புத் திரவம்; அவை செதிலின் மேல் சேர்ந்துதான் எலக்ட்ரான்களை ஈர்க்கின்றன) 180 கெல்வின் வாக்கிலேயே கண்ணாடி மாதிரி உறைந்துவிடும், அப்புறம் அயனிகள் நகர வழியில்லை.

220 கெல்வினுக்குச் சூடேற்றி, மின்னழுத்தத்தை மெதுவாக ஏற்றி, மின்தடை ஒரு நிலைக்கு வரும்வரை காத்திருந்து, கேட்டைப் பிடித்தபடியே குளிரவையுங்கள்.

பிறகு 20 கெல்வினில் ஹால் அளவீடு (காந்தப்புலத்தில் வைத்து எலக்ட்ரான் அடர்த்தியைக் கணிக்கும் முறை) எடுங்கள். இந்தப் பொருளில் 2012-இல் 10.8 கெல்வின் வரை மீக்கடத்தல் (மின்தடையே இல்லாத நிலை) கிடைத்தபோது, சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1.2×10¹⁴ எலக்ட்ரான்கள் இருந்தன. உங்களுடையது 10¹³ பக்கம் நின்றால் மீக்கடத்தல் வராது. செதிலுக்கு அடியில் 300 நானோமீட்டர் ஆக்சைடு வழியாக வேலை செய்யும் அடிக்கேட் 100 வோல்ட்டுக்கும் 7×10¹² தான் தரும், அது நுணுக்கித் திருத்த மட்டும்.

ஒன்று கவனம்: அவசரப்பட்டு அறை வெப்பத்தில் 5 வோல்ட் ஏற்றாதீர்கள், ஈரம் கொஞ்சம் இருந்தாலும் வேதிவினை தொடங்கிவிடும். 220-இல் கேட்டைச் சுழியமாக்கியும் பழைய மின்தடை திரும்பவில்லை என்றால் நீங்கள் பார்த்தது மின்புல விளைவு மட்டுமல்ல. நுண்ணோக்கியில் செதிலின் ஓரம் அரித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.