எண்ணெய்ச் செலவும் வாட்ஸப் அட்மினும்

அன்புள்ள ஐயா,

தேவகோட்டைப் பக்கம் எங்கள் ஊர். ஊர் வாட்ஸப் குரூப்பில் 340 பேர்; நான் அட்மின். திருப்பணிக் கணக்கைக் கேட்ட ஒருவர், அதே பதிவில் பொருளாளரைக் கண்டபடி திட்டிவிட்டார். பதிவை அழித்து ஆளையும் நீக்கினேன். கருத்துச் சுதந்திரத்தைப் பறித்துவிட்டேனாம். விட்டுவைத்திருந்தால் போலீஸ் என்னைத்தானே பிடிக்கும்?

- ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

போலீஸ் பயம் வேண்டாம். அட்மினாக இருந்ததைத் தவிர வேறொன்றும் செய்யாதவரைக் குற்றப்பத்திரிகையில் சேர்க்கக் கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2021இலேயே சொல்லிவிட்டது. உங்கள் சிவகங்கை மாவட்டமும் அதன் எல்லைக்குள்தான். கேரள உயர் நீதிமன்றம் சொன்னதும் (2022) கிட்டத்தட்ட இதையே.

கருத்துச் சுதந்திரம் என்பதும் இங்கே கொஞ்சம் பெரிய வார்த்தை. 2015இல் உச்ச நீதிமன்றம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை ரத்து செய்தது, இணையத்தில் எழுதியதற்காக ஆட்களைப் பிடித்து உள்ளே வைத்த சங்கதி. குரூப்பிலிருந்து நீக்கப்பட்டவர் வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருக்கிறார்.

அப்புறம் என்ன குறை என்றால், வசவோடு கேள்வியையும் சேர்த்து அழித்துவிட்டீர்கள். 'அட்மின் நீக்கினார்' என்ற ஒரு வரி உங்கள் பெயரோடு அங்கே கிடக்கிறது. ராத்திரி பதிவைப் பார்க்காதவர்களும் காலையில் அதைப் பார்த்திருப்பார்கள். பொருளாளர் யோக்கியராகவே இருந்தாலும் இனி யார் நம்புவது?

என் சின்ன வயதில் எங்கள் கோயில் மண்டபத்தில் ஊர்க்கூட்டம். பேரேடு, கோயில் கணக்கை வைத்திருந்த எங்கள் ஐயாவின் மடியில். ஒரு பங்காளி எழுந்து, விளக்கெண்ணெய்க்கு இவ்வளவா, தின்றது யார் என்று கத்தினார். சொல்லக்கூடாத வார்த்தை ஒன்றும் வந்துவிட்டது. தலைமையில் இருந்தவர், "அண்ணே, அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கங்க. எண்ணெய்க் கணக்கை இப்பவே வாசிக்கச் சொல்றேன்" என்றார். ஐயா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தேதிவாரியாக வாசித்தார். அரை மணி நேரம்! பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள், நானும்தான். கத்தியவரை யாரும் வெளியே போகச் சொல்லவில்லை. (அனுப்பிவிட்டால், குடும்பத்துக்கு இவ்வளவு என்று கோயிலுக்குக் கொடுக்கும் புள்ளிவரியை யார் கொடுப்பது?) பர்மா, மலேயா என்று போய் ஐந்தொகை (இருப்புநிலைக் கணக்கு) எழுதிய ஊர்க்காரர்களுக்குக் கணக்குக் கேட்பது மரியாதைக் குறைவாகத் தெரியவில்லை.

ஜாதியைச் சொல்லியோ வீட்டுப் பெண்களை இழுத்தோ திட்டியிருந்தால் நீக்கியது சரி, என்னைக் கேட்டிருக்கவே வேண்டாம். பொருளாளரைத் திட்டியதோடு நின்றிருந்தால் அவரைத் திரும்பச் சேருங்கள். வசவை விட்டுவிட்டுக் கேள்வியை மட்டும் எழுதச் சொல்லுங்கள். அதற்கு முன் பொருளாளரிடம் ரசீதுகளைப் போட்டோ எடுத்துக் கேளுங்கள். அவர் இழுத்தடித்தால் எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள்.