வென்டோ டீசலுக்கு அந்த அப்டேட்டைப் போடலாமா?

கோவையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார். மாமா ஓட்டிக்கொண்டிருந்த 2013 மாடல் ஃபோக்ஸ்வேகன் வென்டோ 1.6 டீசல் இப்போது அவர் கைக்கு வந்திருக்கிறது. ஓட்டம் 1,10,000 கிலோமீட்டர். ஆயில் மாற்றப் போன இடத்தில் "சார், இந்த வண்டிக்குப் பழைய ரீகால் ஒன்று பாக்கி இருக்கிறது. சாஃப்ட்வேர் போட வேண்டும், இலவசம்தான்" என்றிருக்கிறார்கள். நண்பர்களோ தொடவே தொடாதே என்கிறார்கள். பிக்கப் போய்விடும், மைலேஜ் இறங்கும், ஈஜிஆர் வால்வு (புகையில் ஒரு பங்கை இன்ஜினுக்கே திருப்பும் வால்வு) அடைத்துக்கொள்ளும் என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். தெரிந்த ஷெட்டில் ஒருவர், ஈஜிஆரையே மூடிவிடலாம் என்று யோசனை சொல்லியிருக்கிறார். கடைசியாக ஒரு கேள்வி: "அமெரிக்காவில் வண்டி வைத்திருந்தவர்களுக்கு டாலர் கணக்கில் கொடுத்தார்களாமே, நமக்கு ஏதாவது உண்டா?"

பணத்தை எதிர்பார்க்காதீர்கள். அப்டேட்டைப் போடுங்கள், ஆனால் நாளைக்கே போய்ப் போடாதீர்கள். ஷெட்காரர் சொன்னதைக் கேட்க வேண்டாம். பதில் இவ்வளவுதான் என்றாலும், ஏன் என்று தெரியாமல் செய்தால் நண்பர்கள் சொன்னது உங்களுக்கே நடக்கலாம். அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

இந்த ரீகாலின் ஊற்றுக்கண் அமெரிக்காவில் இருக்கிறது. 2013இல் வெஸ்ட் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் சிறிய குழு ஒன்று டீசல் கார்களின் பின்னால் அளவுக்கருவியைக் கட்டிக்கொண்டு கலிஃபோர்னியா சாலைகளில் ஓட்டிப் பார்த்தது. அந்தக் குழுவில் அரவிந்த் திருவேங்கடம் என்று நம் ஊர்ப் பெயர் ஒன்றும் உண்டு. ஆய்வகத்தில் ஒழுங்காகத் தேறிய ஃபோக்ஸ்வேகன் ஜெட்டா, சாலையில் நைட்ரஜன் ஆக்சைடுகளை அமெரிக்க வரம்பைப் போல 15 முதல் 35 மடங்கு வரை கக்கியது. கருவியில்தான் கோளாறோ என்று முதலில் சந்தேகப்பட்டார்கள். கருவி சரியாகத்தான் இருந்தது. 2015 செப்டம்பர் 18 அன்று அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நோட்டீஸ் விட்டது. அடுத்த சில நாட்களில், உலகம் முழுக்க சுமார் 1 கோடியே 10 லட்சம் வண்டிகளில் சோதனையை ஏமாற்றும் மென்பொருள் இருப்பதாகக் கம்பெனியே ஒப்புக்கொண்டது. தலைமை நிர்வாகி மார்ட்டின் வின்டர்கோர்ன் செப்டம்பர் 23 அன்று பதவி விலகினார்.

திருட்டு என்னவென்றால், இன்ஜினின் மூளையான இசியுவில் இரண்டு விதமான கணக்குகள் எழுதி வைத்திருந்தார்கள். சோதனைக்கூடத்தில் வண்டி உருளைமேல் நின்று ஓடும். சக்கரம் சுற்றும், ஸ்டீயரிங் அசையாது, வேகம் ஒரே அட்டவணைப்படி ஏறி இறங்கும். இதையெல்லாம் வைத்து 'இது பரீட்சை' என்று மென்பொருள் கண்டுபிடித்து நல்ல பிள்ளையாகிவிடும். சாலைக்கு வந்ததும் வேறு கணக்கு.

அந்த இரண்டு கணக்குக்கும் நடுவில் நிற்பதுதான் உங்கள் நண்பர்கள் பயப்படும் ஈஜிஆர். எரிந்த புகையில் ஒரு பங்கைத் திரும்பவும் இன்ஜினுக்குள்ளேயே அனுப்பும் ஏற்பாடு அது. உள்ளே ஆக்சிஜன் குறையும், எரியும் சூடு குறையும், அதனால் நைட்ரஜன் ஆக்சைடு குறைவாக உருவாகும். ஆனால் சூடும் ஆக்சிஜனும் குறைந்தால் கரி கூடும். டீசல் இன்ஜினில் இது தராசு மாதிரி, ஒரு தட்டை அழுத்தினால் மறு தட்டு ஏறும். இரண்டையும் ஒன்றாக அடக்க வேண்டுமானால் விலை உயர்ந்த கூடுதல் சாதனங்கள் வேண்டும். அந்தச் செலவைத் தவிர்க்கத்தான் இந்தக் குறுக்கு வழி. பரீட்சையில் ஈஜிஆர் நிறைய திறக்கும், சாலையில் குறைவாகத் திறக்கும்.

இப்போது சொல்லும் அப்டேட் என்ன செய்கிறது என்பது இதிலிருந்தே புரியும். இரண்டு கணக்கை எடுத்துவிட்டு ஒரே கணக்காக்குகிறது. சாலையிலும் ஈஜிஆர் முன்பைவிட அதிகம் வேலை செய்யும். கரியைச் சமாளிக்க டீசல் பீய்ச்சும் முறையையும் மாற்றியிருப்பார்கள். ஐரோப்பாவில் 1.2, 2.0 லிட்டர் இன்ஜின்களுக்கு மென்பொருள் மட்டும்தான், அரை மணி நேர வேலை. 1.6 லிட்டருக்குக் கூடுதலாக, காற்றை அளக்கும் சென்சாருக்கு முன்னால் வலை பொருத்திய ஒரு பிளாஸ்டிக் குழாயையும் வைத்தார்கள். உள்ளே போகும் காற்று சுழலாமல் நேராகப் போனால் சென்சார் சரியாக அளக்கும், அதற்குத்தான். உங்களுடையதும் 1.6 என்பதால், மென்பொருள் மட்டும்தானா, பாகம் ஏதும் உண்டா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

சரி, நண்பர்கள் சொல்வது பொய்யா? இல்லை. பிரிட்டனில் சுமார் 12 லட்சம் வண்டிகளுக்கு இந்த அப்டேட் அறிவிக்கப்பட்டது. போட்ட பிறகு வண்டி இழுக்கவில்லை, திடீரென்று வேகம் குறைந்து, இன்ஜின் தன்னைக் காத்துக்கொள்ளச் சக்தியைக் குறைக்கும் லிம்ப் மோடுக்குப் போகிறது, ஈஜிஆர் வால்வு போய்விட்டது என்று ஏராளமானோர் புகார் சொன்னார்கள். மைலேஜுக்கும் பிக்கப்புக்கும் ஒன்றும் ஆகாது என்று கம்பெனி சொல்லிக்கொண்டே இருந்தது. அப்புறம் புகார்கள் குவியவே, அப்டேட் போட்டதிலிருந்து 24 மாதங்களுக்குள் குறிப்பிட்ட சில பாகங்களில் கோளாறு வந்தால் நல்லெண்ண அடிப்படையில் சரிசெய்து தருகிறோம் என்று ஐரோப்பாவில் அறிவித்தது. ஒன்றுமே ஆகாது என்றால் அந்த அறிவிப்பு எதற்கு என்று அங்கே கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

என் கணிப்பு இது: பல வருடம் சோம்பேறியாக இருந்த வால்வில் ஏற்கனவே கரி படிந்திருக்கும். புதிய மென்பொருள் அதைப் பிடித்து வேலை வாங்கும்போது அது சிக்கிக்கொள்கிறது. சாஃப்ட்வேர் கெடுத்தது கொஞ்சம், அது வெளியே கொண்டுவந்த பழைய அழுக்கு நிறைய. என்னிடம் வந்த ஒரு டீசல் காரின் ஈஜிஆரைக் கழற்றியபோது (எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம்) உள்ளே வழியே இல்லை, விறகடுப்புப் புகைபோக்கி மாதிரி கரி அப்பியிருந்தது. அது நகருக்குள் மட்டும், தினம் ஐந்தாறு கிலோமீட்டர் ஓடிய வண்டி. அதற்கு யாரும் எந்த அப்டேட்டும் போட்டிருக்கவில்லை.

அதனால்தான் நாளைக்கே போகாதீர்கள் என்றேன். முதலில் ஈஜிஆர் வால்வையும், காற்று உள்ளே போகும் இன்டேக் பக்கத்தையும் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். இது இலவசமில்லை, கை எளிதில் போகாத இடம் என்பதால் கூலியும் ஆகும். இருந்தாலும் செய்யுங்கள். ஸ்கேனர் போட்டு இசியுவில் பழைய பிழைக் குறியீடுகள் ஏதாவது உறங்குகிறதா என்று பார்க்கச் சொல்லி அச்செடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அப்டேட்டுக்கு முன் மூன்று முறை டேங்க் நிரப்பி, ஓடிய தூரத்தையும் ஊற்றிய லிட்டரையும் எழுதி வையுங்கள். டாஷ்போர்டு காட்டும் மைலேஜை நம்ப வேண்டாம், பங்க் பில்லை வைத்துக் கணக்குப் போடுங்கள். பின்னால் மைலேஜ் குறைந்தது என்று நீங்கள் சொல்ல நேர்ந்தால், உங்கள் கையில் இருக்கும் ஒரே சாட்சி அதுதான்.

மாமாவிடம் இன்னொன்றும் கேளுங்கள்: வெளியில் எங்காவது ரீமேப், அதாவது சக்தியைக் கூட்ட இசியு மென்பொருளை மாற்றும் வேலை, செய்திருக்கிறாரா? டர்போ டீசல் வைத்திருந்தவர்கள் பலர் ஆசைப்பட்டுச் செய்ததுதான் அது. செய்திருந்தால் அப்டேட் அதை அழித்துவிடும். 'பிக்கப் செத்துப்போச்சு' என்ற புகாரில் சில இந்த வகை. வண்டி தன் பழைய சக்திக்குத் திரும்பியிருக்கும், ஓட்டுகிறவர் அதைப் பழுது என்று நினைத்திருப்பார்.

வேலை நடக்கும் அன்று இரண்டு விஷயம். இசியுவில் எழுதிக்கொண்டிருக்கும்போது பேட்டரி மின்னழுத்தம் விழக்கூடாது, சார்ஜர் மாட்டித்தான் செய்ய வேண்டும். பழைய பேட்டரியாக இருந்தால் நீங்களே ஞாபகப்படுத்துங்கள். வேலை முடிந்ததும் பழைய மென்பொருள் எண், புதிய மென்பொருள் எண் இரண்டையும் ஜாப் கார்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். "அதெல்லாம் தேவையில்லை சார்" என்பார்கள். தேவை. பின்னால் ஈஜிஆரில் பிரச்சினை வந்தால், எந்தத் தேதியில் எதை மாற்றினார்கள் என்பதற்கு அந்தத் தாள்தான் ஆதாரம்.

போட்ட பிறகு ஐடிலில் சத்தம் கொஞ்சம் மாறலாம், பயப்பட வேண்டாம். அவிநாசி சாலை நெரிசலில் மட்டுமே ஓட்டிக்கொண்டிருந்தால் கரி சேரத்தான் செய்யும். வாரம் ஒருமுறை இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு சேலம் பக்கமோ பாலக்காடு பக்கமோ அரை மணி நேரம் நல்ல ஓட்டம் ஓட்டுங்கள். டீசல் இன்ஜினுக்கு அது மருந்து.

ஷெட்காரர் சொன்ன 'மூடிவிடலாம்' யோசனைக்கு வருகிறேன். மூடினால் வண்டி நன்றாக இழுக்கும், கரியும் சேராது, அவர் சொல்வதில் தவறில்லை. ஆனால் கம்பெனி ரகசியமாகச் செய்து மாட்டிக்கொண்ட அதே காரியத்தை நீங்கள் தெரிந்தே, இன்னும் முழுசாகச் செய்வதாக ஆகும். அங்கீகாரம் பெற்ற அமைப்பை மாற்றிய வண்டி என்பதால் சட்டப்படியும் உங்கள் பக்கம் நியாயம் இருக்காது. "பியூசி டெஸ்டில் பாஸாகிறதே" என்பார். ஆகும். நம் பியூசியில் டீசல் வண்டிக்குப் பார்ப்பது புகையின் கருமையை மட்டும்தான். நைட்ரஜன் ஆக்சைடு கண்ணுக்குத் தெரியாது, அந்தக் கருவி அதை அளப்பதும் இல்லை. ஈஜிஆரை மூடினால் கருமை குறையும் என்பதால் பியூசியில் இன்னும் நல்ல எண்கூட வரும்! அந்தச் சான்றிதழை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

இனி பணக் கதை. அமெரிக்காவில் 2.0 லிட்டர் டீசல் வாங்கிய சுமார் 4,80,000 பேரில் பலர் 'சுத்தமான டீசல்' என்ற விளம்பரத்தை நம்பி, சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று நினைத்து வாங்கியவர்கள். அவர்களுக்கு வந்த கோபம் மைலேஜைப் பற்றியது அல்ல, தங்களை முட்டாளாக்கிவிட்டார்கள் என்பதுதான். முதலில் 500 டாலர் கார்டும் டீலரிடம் செலவழிக்க இன்னொரு 500 டாலரும் கொடுத்து ஆற்றப் பார்த்தார்கள், ஆறவில்லை. 2016இல் வந்த உடன்பாட்டில் வண்டியைத் திருப்பிக் கொடுக்கலாம் என்றானது. கூடவே 5,100 முதல் 10,000 டாலர் வரை இழப்பீடும் உண்டு. வண்டி தானாக ஓடி வந்தால் போதும் என்ற விதியைப் பிடித்துக்கொண்டு, கதவையும் பம்பரையும் சீட்டையும் கழற்றிவிட்டு மிச்சத்தைக் கொண்டுபோய் நிறுத்தியவர்களும் உண்டு. நீதிபதி சார்ல்ஸ் பிரேயர் அதைக் கண்டிக்க வேண்டியிருந்தது. திரும்பி வந்த கார்கள் கலிஃபோர்னியா பாலைவனத்திலும், மிச்சிகனில் கைவிடப்பட்ட ஒரு விளையாட்டரங்கிலும் வரிசை வரிசையாக நின்ற படங்களைப் பார்த்திருப்பீர்கள்.

ஐரோப்பாவில் இழுபறி. ஜெர்மனியில் அப்டேட் கட்டாயம், போடாத வண்டியைச் சாலையில் ஓட்டவே தடை விதித்தார்கள். சுமார் இரண்டரை லட்சம் பேருக்கு ஆளுக்கு 1,350 முதல் 6,257 யூரோ வரை என்று 2020இல்தான் தீர்வு வந்தது. பிரிட்டனில் சுமார் 91,000 பேருக்கு 19 கோடியே 30 லட்சம் பவுண்டு கிடைக்க 2022 ஆகிவிட்டது. அதே 2022 ஜூலையில் ஐரோப்பிய நீதிமன்றம் இன்னொன்றும் சொன்னது: திருத்தம் என்று போட்ட மென்பொருளிலேயே, வெளி வெப்பநிலை 15 டிகிரிக்குக் கீழோ 33க்கு மேலோ போனால் ஈஜிஆர் குறைந்துவிடும் ஏற்பாடு இருந்தது, அதுவும் விதிமீறலே என்று. மருந்திலும் கலப்படம்!

இந்தியாவில் 2015 டிசம்பரில் கம்பெனி தானாக முன்வந்து 3,23,700 வண்டிகளுக்கு ரீகால் அறிவித்தது. ஃபோக்ஸ்வேகன் 1,98,500, ஸ்கோடா 88,700, ஆடி 36,500. புனேயின் வாகன ஆராய்ச்சி நிறுவனமான ஏஆர்ஏஐ செய்த சோதனையில் சில மாடல்கள் சாலையில் அப்போதைய புகை விதியான பிஎஸ்-4 வரம்பைப்போல 1.1 முதல் 2.6 மடங்கு வரை வெளியிட்டது தெரியவந்ததுதான் அதற்கு முந்தைய கதை. அமெரிக்காவின் 35 மடங்கு எங்கே, இது எங்கே என்று தோன்றும். நம் வரம்பே தாராளமானது, எண் சிறிதாகத் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம். அப்போது இங்கே சாலையில் ஓட்டிச் சோதிக்கும் விதியே இல்லை, நாங்கள் சட்டத்தை மீறவில்லை என்று கம்பெனி வாதாடியது. அந்த விதி 2023 ஏப்ரலில்தான் வந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019 மார்ச்சில் 500 கோடி ரூபாய் அபராதம் விதித்தது, உச்ச நீதிமன்றம் மே மாதம் அதற்குத் தடை போட்டது. அந்த 500 கோடியும் சுற்றுச்சூழல் கணக்குக்கான தொகைதானே தவிர, வண்டி வாங்கியவர்களுக்கானது அல்ல.

நம் ஊரில் பெரிய கூச்சல் எழாததற்கு நாமும் ஒரு காரணம். உங்கள் மாமா 2013இல் அந்த வண்டியை எடுத்தபோது பெட்ரோலைவிட டீசல் எவ்வளவோ மலிவு. மைலேஜ், பிக்கப், ஜெர்மன் கதவு சாத்தும் சத்தம் என்று மூன்றையும் பார்த்து வாங்கியிருப்பார். நைட்ரஜன் ஆக்சைடைப் பற்றி ஷோரூமில் யார் கேட்டார்கள்?

வண்டியை 2028 வரை வைத்திருக்கலாமா என்றும் கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். பத்து வருட டீசல் கட்டுப்பாடு டெல்லியையும் அதைச் சுற்றியுள்ள பகுதியையும் சேர்ந்த விவகாரம், கோவையில் அது கிடையாது. 15 வருடம் முடியும்போது ஆர்டிஓவில் எஃப்சி எடுக்க வேண்டும். அதற்குள் விற்கும் எண்ணம் இருந்தால், அப்டேட் போட்ட ஜாப் கார்டை ஆர்சியோடு சேர்த்தே வைத்திருங்கள். வாங்க வருகிறவர் சர்வீஸ் சென்டரில் சேஸி நம்பரைக் கொடுத்துக் கேட்டால், ரீகால் பாக்கி என்று வருவதும் முடிந்தது என்று வருவதும் பேரத்தில் நிச்சயம் தெரியும்.