மேயர் வேட்பாளர்களை ஒரே மேடையில் உட்காரவைப்பது எப்படி?

கேள்வி: அமெரிக்காவில் ஒரு சிறு நகரத்தில் தமிழ்ச் சங்கம் நடத்துகிறோம். 501(சி)(3) என்ற வரிவிலக்குப் பதிவு உண்டு. வரும் மேயர் தேர்தலில் நான்கு பேர் நிற்கிறார்கள். நால்வரையும் அழைத்து, மக்கள் கேள்வி கேட்கும் கூட்டம் ஒன்று நடத்த ஆசை. அவர்களில் ஒருவர் எங்கள் நிகழ்ச்சிகளுக்கு அடிக்கடி வருகிறவர். ‘சங்கம் அவர் பக்கம்’ என்ற பேச்சு வராமல் இருக்க என்ன செய்யலாம்? யாராவது வராவிட்டால்?

பதில்: தாராளமாக நடத்தலாம். உங்களைப் போன்ற வரிவிலக்கு பெற்ற அமைப்புகள் எந்த வேட்பாளரையும் ஆதரிக்கவோ எதிர்க்கவோ கூடாது என்ற தடை 1954 முதல் இருக்கிறது. எல்லாரையும் அழைத்து ஒரே மாதிரி நடத்தும் கூட்டத்துக்கு அந்தத் தடை பொருந்தாது. அழைப்பு, கேள்விகள், நேரம், நெறியாளரின் பேச்சு ஆகியவற்றில் பாரபட்சம் இருக்கிறதா என்றுதான் அமெரிக்க வரித்துறையான ஐ.ஆர்.எஸ். பார்க்கும்.

நடுநிலையைக் கூட்டத்தன்று காட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தால் சிக்கல்தான். முதல் அழைப்பு போவதற்கு முன்பே விதிகளை எழுத்தில் முடித்துவிடுங்கள். பிறகு அதே கடிதத்தை, அதே நாளில், நால்வருக்கும் அனுப்புங்கள். உங்களுக்குப் பழக்கமானவரிடம் “எந்தத் தேதி உங்களுக்கு வசதி?” என்று முன்கூட்டியே போனில் கேட்டுவிட்டால், கூட்டம் ஆரம்பிக்கும் முன்பே பெயர் கெட்டுவிடும். வாக்குச்சீட்டில் பெயர் இருக்கிற எல்லாரையும் அழைப்பதுதான் பாதுகாப்பு. ‘இவர் ஜெயிக்கப் போவதில்லை’ என்று விட்டுவிட வேண்டாம்.

கேள்விகளில்தான் பெரும்பாலான கூட்டங்கள் சறுக்குகின்றன. முதலில் உங்கள் ஊர் மேயருக்கு என்ன அதிகாரம் என்று நகரத்தின் அடிப்படைச் சட்டமான நகர சாசனத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். டெக்ஸாஸ் மாநிலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: ஹூஸ்டனில் நிர்வாகத்தை மேயரே நடத்துகிறார், டாலஸில் நகர மன்றம் நியமிக்கும் மேலாளர் நடத்துகிறார். இரண்டு ஊர் மேயர்களிடமும் ஒரே கேள்வி கேட்டுப் பயனில்லை. பள்ளிகளுக்குப் பல இடங்களில் தனி வாரியம் இருக்கும். நம் பெற்றோர்கள் எழுதித் தரும் சீட்டுகளில் பாதி பள்ளியைப் பற்றித்தான் இருக்கும் என்பதால் இதைச் சொல்லிவைக்கிறேன்.

“போன வருஷம் வரியை ஏற்றினீர்களே, நியாயமா?” என்பது பதவியில் இருக்கும் ஒருவரை மட்டும் குறிவைக்கும் கேள்வி. “பட்ஜெட்டில் துண்டு விழுந்தால் முதலில் எந்தச் செலவில் கை வைப்பீர்கள்?” என்று மாற்றினால் நால்வரும் பதில் சொல்லியாக வேண்டும். விஷயம் அதேதான். பார்வையாளர்களிடம் மைக்கைக் கொடுக்காதீர்கள். கேள்வி வராது, சொற்பொழிவுதான் வரும். சீட்டில் எழுதி வாங்கி, மூன்று பேர் குழு பிரித்து, ஒரே மாதிரி கேள்விகளைச் சேர்த்து நெறியாளரிடம் கொடுக்கட்டும். ‘எங்கள் சங்கத்தின் கோரிக்கையை ஏற்கிறீர்களா?’ என்ற கேள்வி மட்டும் கூடவே கூடாது. ஐ.ஆர்.எஸ். கவனிக்கும் விஷயங்களில் அதுவும் ஒன்று.

நேரக் கணக்கு: ஒன்றரை மணி நேரக் கூட்டத்தில் அறிமுகத்துக்கும் முடிவுரைக்கும் இருபது நிமிடம் போய்விடும். ஆளுக்கு ஒரு நிமிடம் என்றால், கேள்வியை வாசிப்பதோடு சேர்த்து ஒரு கேள்விக்கு ஐந்து நிமிடம். நடுவில் வீணாகும் நேரத்தையும் கழித்தால் பன்னிரண்டு கேள்விக்கு மேல் தாங்காது. இருக்கை வரிசைக்குச் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். முதலில் பதில் சொல்பவர் ஒவ்வொரு கேள்விக்கும் மாற வேண்டும். நேரம் முடிந்ததும் சிவப்பு அட்டை காட்ட, தயவுதாட்சண்யம் பார்க்காத ஒருவரை முன்வரிசையில் உட்காரவையுங்கள். நெறியாளர் அந்த நகரத்தில் ஓட்டு இல்லாதவராக இருந்தால் நல்லது. பல ஊர்களில் பெண் வாக்காளர் லீக்கின் (League of Women Voters) கிளை இருக்கிறது; 1920-ல் தொடங்கிய அமைப்பு, இப்படிப்பட்ட கூட்டங்கள் நடத்துவதில் பழுத்த அனுபவம். நெறியாளர் தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

ஒருவர் வராவிட்டால், மற்ற மூவரோடு நடத்துங்கள். “அழைத்திருந்தோம், வர இயலவில்லை” என்று ஒரே வரியில் சொன்னால் போதும். காலி நாற்காலி போட்டுப் பெயர்ப்பலகை வைக்கும் யோசனையை யாராவது சொல்வார்கள். 1980 அதிபர் தேர்தலில் அப்போதைய அதிபர் கார்ட்டர் ஒரு விவாதத்துக்கு வர மறுத்தபோது இதே லீக் அப்படிச் செய்ய நினைத்து, பிறகு கைவிட்டது. நீங்களும் விட்டுவிடுங்கள், அது வராதவரைக் கேலி செய்வதாகத்தான் தெரியும். ஒருவர் மட்டுமே வருவதாக இருந்தால் கூட்டத்தை ரத்து செய்யுங்கள், இல்லையென்றால் அவருக்கு இலவசப் பிரசார மேடை போட்டுக் கொடுத்ததாகிவிடும். இதையும் அழைப்புக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.

அந்தப் பழக்கமானவர் விஷயம்: சங்க நிர்வாகிகள் தனிப்பட்ட முறையில் யாரையும் ஆதரிக்கலாம், தவறில்லை. ஆனால் ஒருவருக்காக வெளிப்படையாக வேலை செய்கிறவர் கேள்விக் குழுவில் இருக்க வேண்டாம், மேடையேறி நன்றியுரையும் சொல்ல வேண்டாம். பேட்ஜ், பதாகை எல்லாம் அரங்குக்கு வெளியே. வீடியோவை வெட்டாமல் முழுதாகப் போடுங்கள். கூட்டம் முடிந்ததும் ஒருவரோடு மட்டும் நின்று எடுத்த படத்தைச் சங்கத்தின் பக்கத்தில் போட்டுவிடாதீர்கள்.