மின்புலத்தால் புற்றுநோய்க் கட்டி அடங்குமா?

அப்பாவுக்கு மூளையில் க்ளியோபிளாஸ்டோமா என்ற புற்றுநோய்க் கட்டி. ஆபரேஷனும் கதிர்வீச்சும் முடிந்துவிட்டன. தலையில் மின்சாரப் பட்டை ஒட்டினாலே போதும் என்கிறார்கள். கீமோ மாத்திரையை நிறுத்திவிடலாமா டாக்டர்?
– திருப்பாதிரிப்புலியூர் வாசகி

தயவுசெய்து நிறுத்தாதீர்கள் அம்மா. நீங்கள் கேள்விப்பட்ட சிகிச்சை உண்மையானதுதான். அமெரிக்கா 2011லேயே அனுமதித்தது. 695 பேரிடம் நடந்த ஆய்வில், டெமோசோலோமைடு என்ற கீமோ மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் பாதிப் பேர் 16 மாதங்களைத் தாண்டினார்கள். மாத்திரையோடு பட்டையும் அணிந்தவர்களில் பாதிப் பேர் 20.9 மாதங்களை. 5 ஆண்டு தாண்டியவர்கள் 100க்கு 5 பேராக இருந்தது, 13 ஆனது. இந்தக் கட்டியில் அது பெரிய விஷயம். ஆனால் அந்தப் பலன் மாத்திரையோடு சேர்ந்து வந்தது.

செலவையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் இதற்கு மாதம் 20,000 டாலருக்கு மேல். இதற்காக வீட்டை விற்காதீர்கள். உங்கள் அப்பாவே கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்.

ஷாக் அடிக்காதா?
– முத்தியால்பேட்டை வாசகர்

அடிக்காது. வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. இது 2 லட்சம் சுற்று. அந்த வேகத்துக்கு நரம்பும் தசையும் துள்ளாது. இரண்டாகப் பிரிந்துகொண்டிருக்கும் செல்லுக்குத்தான் சிக்கல். பிரியும் நேரத்தில் செல்லுக்குள் நூல் நூலாக ஓர் அமைப்பு உருவாகி, குரோமோசோம்களை இரு பக்கமும் இழுக்கும். அந்த நூல்களைக் கட்டும் புரதத்துக்கு ஒரு முனை நேர்மின், மறுமுனை எதிர்மின். பட்டைகள் உண்டாக்கும் மின்புலம் மாறி மாறித் திருப்புவதால் புரதங்கள் வரிசையில் சேர முடியாது. செல் பாதியிலேயே குலைந்து சாகும். பிரியாமல் இருக்கும் மூளைச் செல்களுக்குப் பெரிய பாதிப்பில்லை.

அணிந்துகொண்டு நடமாடலாமா?
– மஞ்சக்குப்பம் வாசகர்

நடமாடலாம், கருவியைப் பையில் மாட்டிக்கொண்டு. ஆனால் தலையை வழுவழுவென்று மழிக்க வேண்டும். நான்கு பட்டைகள், ஒவ்வொன்றிலும் 9 பீங்கான் வில்லைகள், நாளுக்கு 18 மணி நேரமாவது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை பிரித்து, மறுபடி மழித்து ஒட்டணும். ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தோல் சிவக்கும், அரிக்கும். நம்ம ஊர் அக்னி நட்சத்திர வியர்வையைச் சொல்லவே வேண்டாம். ஒவ்வொரு முறையும் வில்லைகளைக் கொஞ்சம் தள்ளி ஒட்டினால் புண்ணாவது குறையும். அப்புறம், பேட்டரி சில மணி நேரம்தான் தாங்கும். தானே புயலில் நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்த கடலூர்க்காரர்கள் மாற்று பேட்டரியை எப்போதும் சார்ஜ் செய்து வைத்திருக்க வேண்டும்.

பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு?
– நெல்லிக்குப்பம் வாசகர்

கூடாது.

கண்காட்சியில் வாங்கிய காந்த பெல்ட்டைக் கட்டிக்கொள்கிறேன். மார்பில் கட்டி தட்டுப்பட்டு மூன்று மாதம் ஆகிறது. கரையுமா?
– வில்லியனூர் வாசகி

கரையாது. மேலே சொன்ன சிகிச்சைக்கும் அந்த பெல்ட்டுக்கும் சம்பந்தமே இல்லை. அதைக் கழற்றி வைத்துவிட்டு புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்குப் போங்கள் அம்மா. மேமோகிராமும் ஊசிப் பரிசோதனையும் செய்தால்தான் அது சாதாரணக் கட்டியா, புற்றா என்று தெரியும். மூன்று மாதம் போய்விட்டது. அடுத்த வாரம் என்று தள்ளாதீர்கள். நாளைக் காலையிலேயே கிளம்புங்கள், வீட்டில் ஒருவரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு.